மண்ணில் கறந்த பால்

குளிர்காலக் காலைகளில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் சூடாக்கும் பொயிலர் எரிகிறது என்பதை வெளியில் நின்றே சொல்லிவிடலாம். எரிகிற வீட்டின் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் குழாயிலிருந்து வெள்ளை ஆவி வந்துகொண்டிருக்கும். எங்கள் சமையலறை யன்னலில் நின்றால் பின்பக்க வீடுகளையும் சேர்த்துப் பதினொரு குழாய்கள் தெரியும். இலங்கையில் நில அளவையாளனாக இருந்தவன் நான். லண்டனுக்கு வந்தபின் ஓய்வு பெறும்வரை ஒரு களஞ்சியத்தில் இருப்பு எண்ணியவன். எண்ணாமல் விட்டால் கதவைப் பூட்டாமல் வந்ததுபோல மனம் குடையும். அந்தச் சனிக்கிழமை பத்துக் குழாய்களில்தான் ஆவி வந்தது. வராதது எங்கள் சுவரோடு ஒட்டிய வீட்டுக் குழாய். வெளியே புல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அந்த வீட்டுக்குள் எண்பத்தாறு வயது மனிதர் ஒருவர் தனியே இருந்தார்.

அவர் யூதர். நாங்கள் கிழக்கு லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் வீடு வாங்கி வந்த காலத்தில் எங்கள் தெருவில் ஏழு யூதக் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக வடக்கு லண்டனுக்குப் போயின. அந்த வீடுகளுக்கு எங்கள் ஆட்களும் பஞ்சாபிகளும் வந்தார்கள். மனைவியை அடக்கம் செய்தபின் இவர் மட்டும் மிஞ்சினார். இளமையில் இஸ்ரேலில், சமயக் கட்டுப்பாடுகளை விடாத யூதர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டுப்பண்ணையில் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவிக்கு அவர் ‘பால்காரர்’. எனக்கு அவர் ‘சேர்’. அவருக்கு நான் ‘அயல்காரர்’. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் பேச்சாகவே மாறிக் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட்டதிலிருந்து சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக்கூடாது, விளக்குப் போடக்கூடாது, பொயிலர் சுவிட்சைத் தொடக்கூடாது. முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்தால் குற்றமில்லை. ஆகவே அவர் வெள்ளிக்கிழமைகளில் பொயிலரோடு இருக்கும் மணிக்கூட்டைத் திருப்பி வைப்பார். அது தன்பாட்டில் எரிந்து தன்பாட்டில் அணையும். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் அவருடைய மகள் வடக்கு லண்டன் ஹென்டனிலிருந்து வந்து எங்களிடம் ஒரு சாவி தந்தார்.

“அப்பா மறக்கத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை வீடு குளிர்ந்துபோய் இருந்தால் நீங்கள் போய் ஹீற்றிங்கைப் போட்டுவிடுங்கோ. யூதர் அல்லாதவர் போடலாம். குளிருக்கு எல்லா மனிசரும் நோயாளிதான் எண்டு எங்கட சட்டமே சொல்லுது.” படியிறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். “தனிய இருக்க ஏலாட்டி முதியோர் இல்லம்தான். அது அவருக்கும் தெரியும்.”

அந்தச் சனிக்கிழமை நான் போய்க் கதவைத் தட்டினேன். மேல்கோட்டும் தொப்பியும் கழுத்தைச் சுற்றிய கம்பளித் துண்டுமாக, பயணம் புறப்பட்ட ஆள் போலத் திறந்தார். வெள்ளிக்கிழமை மணிக்கூட்டைத் திருப்ப மறந்துவிட்டாராம்.

“நான் போட்டுவிடுறன் சேர். ஒரு நிமிசம்.”

“வேண்டாம்.”

“சட்டம் விடுது எண்டு மகள் சொன்னவா.”

“சட்டம் விடுது. நாங்கள் விடேல்லை,” என்றார். “நாங்கள்” என்றது அந்தக் கூட்டுப்பண்ணையை. அதைவிட்டு அவர் வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. கதவைச் சாத்தும் முன் குரலைத் தாழ்த்தினார். “மகளுக்குச் சொல்லாதேயும்.”

வீட்டுக்கு வந்து அரைநாள் முழுக்க அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த சனியும் அதே பத்து. இந்த முறை நான் தட்டவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து, சத்தமில்லாமல் சமையலறைக்குப் போய்ப் பொயிலரைப் போட்டுவிட்டு வந்தேன். அவர் முன்னறையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பதினொரு ஆவியையும் எண்ணி முடித்து ஆறுதலாக இருந்தபோது மனைவி முன் யன்னலில் நின்று கூப்பிட்டா.

“இஞ்சேருங்கோ, பால்காரர் வெளியில குந்திக்கொண்டிருக்கிறார்.”

முன்வாசலில் பூச்சாடிகளுக்கு நடுவே இருந்த தாழ்ந்த மதிலில் அவர் உட்கார்ந்திருந்தார். வீடு சூடாக, ஆள் வெளியே. ஓடிப்போய்க் கெஞ்சினேன். கோபப்படவில்லை. “நீர் நல்ல மனிசன். எனக்காக மூட்டின நெருப்பில நான் குளிர்காய ஏலாது. அது ஆறட்டும், உள்ளுக்குப் போறன்,” என்றார். மூக்கு நுனி நீலம் பாய்ந்திருந்தது.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளும் புறமுமாக நடந்தேன். மனைவி அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினா.

“எங்கட வீட்டு ஹீற்றிங்கை ஆருக்காகப் போட்டனீங்கள்?”

“எங்களுக்குத்தான்.”

“அப்ப அந்த மனிசனை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோவன். உலகத்தை எல்லாம் எண்ணுவியள், இது தெரியேல்லை.”

மதிலடிக்குப் போய் அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், பற்கள் குளிரில் அடித்துக்கொண்டதால் அந்தச் சிரிப்பு வரப் பிந்தியது. “உம்மட மனிசிக்கு எங்கட சட்டம் உம்மைவிட நல்லா விளங்குது,” என்று சொல்லி எழுந்து வந்தார். மற்றவன் தனக்கென்று மூட்டிய நெருப்பில் காய்வது குற்றமில்லை.

அதன்பிறகு மணிக்கூட்டைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வுநாளில் எதையும் காவிக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது என்பதால் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கதவை வெறுமனே சாத்திவிட்டு வருவார். எனக்கு அது பெரிய தலையிடி. அவருடைய கதவு தெரிகிற மாதிரி என் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவர்களுடைய உணவு விதிகளின்படி எங்கள் சமையல் அவருக்கு ஆகாது. மனைவி தோடம்பழமும் வாழைப்பழமும் வைப்பா. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அவ்வளவுதான் அவர் தொட்டது. அந்தச் சனிக்கிழமைகளில்தான் கூட்டுப்பண்ணையின் கதை எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜேர்மனியிலிருந்து பிள்ளைகளை மட்டும் ஏற்றிவந்த ரயிலில் வந்தவர் அவர். பெற்றோரை அதன்பிறகு காணவில்லை. அவரைப் போன்ற பிள்ளைகளை இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணையில் வைத்து, காலையில் தொழவும் பகலில் மாடு கறக்கவும் மாலையில் வேதம் படிக்கவும் பழக்கினார்கள். போர் முடிந்ததும் அவர்களில் ஒரு கூட்டம் கப்பலேறிப் போய், ஏற்கெனவே அங்கே கூடாரம் அடித்திருந்தவர்களோடு சேர்ந்தது. உவர் நிலம். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் உப்பு. சம்பளம் என்று ஒருவருக்கும் கிடையாது. சாப்பாட்டறை ஒன்று, பணப்பெட்டி ஒன்று. உடுப்பும் பொது, வெள்ளிக்கிழமை மத்தியானம் களஞ்சியத்தில் போய் நின்றால் தோய்த்த சேட் ஒன்று தருவார்கள், யார் சேட் என்று கேட்கக்கூடாது. “கலியாணத்துக்கு நான் போட்ட வெள்ளைச் சேட்டை அடுத்த கிழமை எங்கட கோழிக்கூடு பாக்கிறவர் போட்டிருந்தார்,” என்றார். “எனக்கு நீளமாயும் அவருக்குக் கட்டையாயும் இருந்த சேட்.”

நாட்டில் வேறு கூட்டுப்பண்ணைகளும் இருந்தன. பெரும்பாலானவர்களுக்குக் கடவுள் தேவைப்படவில்லை. சமயப் பற்றுள்ளவர்கள் வாழ்ந்த கிராமங்களும் இருந்தன. அங்கே எல்லாம் தனிச் சொத்து. இரண்டையும் ஒன்றாக்கலாம் என்று நம்பியவர்கள் இவர்கள். கடவுளை விட்டவர்கள் இவர்களைப் பழமைவாதிகள் என்றார்கள். பழைய ஊர்களில் இருந்த குருமார் இவர்களைக் கொம்யூனிஸ்ட்டுகள் என்றார்கள். “ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு வாங்கினபடியாத்தான் நேரா நிண்டம்,” என்பார்.

முதல் பெரிய சண்டை மாட்டால் வந்தது. மாட்டுக்கு ஓய்வுநாள் தெரியாது. கறக்காவிட்டால் மடி கட்டிக் கதறும். அயலில் இருந்த சமயக் கிராமங்களில் சனிக்கிழமை கறப்பதற்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. கூட்டுப்பண்ணைச் சாப்பாட்டறையில் ஒரு குளிர்காலம் முழுக்க இதைப் பற்றியே விவாதம். கடைசியில் ஒருவர் எழும்பிக் கேட்டாராம்: “நாளைக்கு நாங்கள் ஒரு நாடாகினால் தண்ணி, மின்சாரம், பொலிஸ் எல்லாம் ஓய்வுநாளில ஆர் பாக்கிறது? எங்களுக்காக வேலை செய்ய ஒரு பக்கத்து நாட்டைக் கூலிக்குப் பிடிக்கிறதோ?” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தீர்மானம் ஆகிவிட்டது. இன்னொருவன் கடைப்பிடிக்காததால்தான் தங்களால் கடைப்பிடிக்க முடிகிறது என்றால் அது வாழ்க்கை முறை அல்ல, சலுகை. சலுகை வேண்டாம்.

“அதால நாங்களே கறந்தம். மாடு பாவம் எண்டதுக்காகக் கறக்கலாம், பாலை எடுக்கக்கூடாது. வாளி வைக்கேல்லை. மண்ணில கறந்தம்.” அவர் கைகள் இரண்டும் மடியில் மெதுவாக அசைந்தன. “சாப்பாட்டுக்கு நெருக்கடியான காலம். பிள்ளையளுக்குப் பால் அளந்துதான் குடுக்கிறது. சனிக்கிழமை விடியத் தொழுவத்தால வெள்ளையா வழிஞ்சு ஓடும். ஊர்ப் பூனையெல்லாம் வரும். அதுகளுக்கு மட்டும் எங்கட ஓய்வுநாள் நல்லாப் பிடிச்சது.”

மனைவியின் மனதுக்கு அது ஒவ்வவில்லை. “பிள்ளையள் பாத்துக்கொண்டு நிண்டதுகளோ?” என்று கேட்டா. ஓம், நின்றார்கள் என்றார். பின்னர் வந்தவர்கள் கறக்கும் இயந்திரத்துக்கு ஒரு மணிக்கூட்டைப் பூட்டி, பாலை வீணாக்காமல் சட்டத்துக்குள் கறக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதை அவர் பெருமையாகச் சொன்னார். ஆனால் ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற வேதக் கட்டளைக்கு வழி கிடைக்கவில்லை. அந்த வருடம் நிலம் முழுவதையும் யூதர் அல்லாத ஒருவருக்கு எழுத்தில் விற்றுவிட்டு, தாங்களே அதில் பயிர் செய்தார்களாம். நான் விடவில்லை. “அப்ப மாட்டுக்கு வெளியாள் வேண்டாம், நிலத்துக்கு வேணும். கணக்கு உதைக்குது சேர்.” அவர் தோடஞ்சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “உதைக்குது,” என்றார். “அதைச் சொன்னபடியாத்தான் என்னை ஒரு கொமிட்டியிலயும் போடேல்லை.”

எனக்கு அந்தக் கதையில் வேறொன்றும் குடைந்துகொண்டிருந்தது. ‘குடியேற்றம்’ என்ற சொல்லை நான் அறிந்த விதம் வேறு. கிழக்கு மாகாணத்தில் நான் சங்கிலி பிடித்து அளந்த காணிகளில் பின்னர் அரசாங்கம் வெளியிலிருந்து சிங்களவர்களைக் கொண்டுவந்து இருத்தியது. எங்கள் ஆட்கள் மேய்ச்சலுக்கு விட்ட நிலம் அது. வந்தவர்களும் ஏழைகள்தான், அவர்களும் வியர்வை சிந்தினார்கள். ஆனாலும் ஒருவன் கூடாரம் அடித்த கதையைக் கேட்கும்போதெல்லாம், அதற்கு முன் அந்த இடத்தில் என்ன நின்றது என்று என் மனம் தேடும். ஒரு சனிக்கிழமை கேட்டுவிட்டேன்: “நீங்கள் தீர்மானம் எடுக்கிறதுக்கு முன்னம் ஆர் கறந்தது?”

அவர் கையிலிருந்த சுளையைத் தட்டில் வைத்தார். “முதல் குளிர்காலம் ஒருத்தர் வந்தவர். பக்கத்து அரபுக் கிராமம். நல்ல கை, மாடு அசையாது. தீர்மானம் எடுத்த பிறகு இனி வரவேண்டாம் எண்டு சொன்னம். ஏன் எண்டு கேட்டார். எங்களுக்கு இனி ஆரும் தேவையில்லை எண்டு சொன்னம். அதைப் பெருமையா நினைச்சுத்தான் சொன்னது. சொன்னது நான்தான், எனக்குத்தான் கொஞ்சம் அரபு தெரியும்.” தண்ணீர்க் குவளையை ஒருமுறை சுழற்றினார். “பிறகு நாப்பத்தெட்டில அரபுக்காரரோட போர் வந்தது. எங்களிலயும் செத்தவை. போர் முடிய அந்தக் கிராமம் இல்லை. பயத்தில ஓடினவை எண்டு எங்கட ஆக்கள் சிலர் சொல்லுவினம், துரத்தினது எண்டு சிலர் சொல்லுவினம். இல்லை எண்டதை மட்டும் ஒருத்தரும் மறுக்கேல்லை.”

“எத்தினை வீடு இருந்தது?”

“நாங்கள் எண்ணேல்லை.”

மனைவி இன்னொரு தோடம்பழத்தை உரித்து, நார் எடுத்து, அவர் முன் வைத்தா. அவர் அதைத் தொடவில்லை. “ஆரும் தேவையில்லை எண்டு ஒருத்தனுக்குச் சொன்னா, அவன் அதை எப்பிடி விளங்கிக்கொள்ளுவான்? நாங்கள் எப்பிடி விளங்கிக்கொண்டம்? ஓய்வுநாளை மற்றவன்ர முதுகில ஏத்தக்கூடாது எண்ட தீர்மானம் சரி. இண்டைக்கும் சரி எண்டுதான் சொல்லுவன். ஆனா அதுக்குள்ள அந்த மனிசனை வெளியில விட்டுச் சாத்தின கதவும் இருந்திருக்கு.” அன்று வழக்கத்தைவிட முந்திப் போனார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதினொரு குழாயிலும் ஆவி வந்தது. நல்லது, மணிக்கூட்டை மறக்கவில்லை என்று நினைத்தேன். வழக்கமான நேரம் கடந்தும் ஆளைக் காணாததால் போய்த் தட்டினேன். கதவு பூட்டாமல் சாத்தித்தான் இருந்தது, தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முன்னறையில் ரேடியேட்டரின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றார். மேசையில் பாதி குடித்த தேநீர். கேத்தலில் இருந்து இன்னும் ஆவி வந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

“அயல்காரர், இண்டைக்கு என்ன நாள்?”

பொய் சொல்லியிருக்கலாம். வெள்ளி என்று ஒரு சொல். “சனி, சேர்,” என்றேன்.

அவர் தலையசைத்தார். தெருவில் எவரும் வேலைக்குப் போகாததைப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறார். உறுதிப்படுத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. காலையில் எழுந்து, வியாழக்கிழமையில் நிற்பதாக நினைத்து, பொயிலரைப் போட்டு, விளக்கைப் போட்டு, தேநீர் வைத்துக் குடித்திருக்கிறார். மற்றவன் கை வேண்டாம் என்று பனியில் போய் இருந்த மனிதரின் சொந்தக் கை எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தது.

“மறதிதானே சேர். மறதிக்குக் குற்றமில்லை எண்டு உங்கட சட்டத்தில இருக்கும்.”

“இருக்கு. நான் குற்றத்துக்குப் பயப்பிடேல்லை,” என்றார். “பண்ணையில இரவுக் காவலுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. நித்திரை தூக்கினால் காவல்காரன் தானே போய் மற்றவனை எழுப்பிச் சொல்லவேணும். கண்டுபிடிக்கட்டும் எண்டு இருக்கக்கூடாது. இருட்டினதும் மகளுக்கு நானே எடுத்துச் சொல்லுறன். நீர் சொல்லவேண்டி வராது.”

மாலைவரை எங்கள் வீட்டில் இருந்தார். மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் எழுந்து போனார். சுவருக்கு அந்தப் பக்கம் தொலைபேசியில் பேசுகிற சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் வீடு விற்பனைக்குப் பலகை நட்டார்கள்.

இப்போது நானும் அவருடைய அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மகன் பர்மிங்ஹாமில் இருந்துகொண்டு தன் கைத்தொலைபேசியால் எங்கள் வீட்டு ஹீற்றிங்கைப் போடுகிறான். நான் கேட்பதும் இல்லை, அவன் வருவதும் இல்லை, வீடு சூடாகிறது. இதைக் கூட்டுப்பண்ணைக் கூட்டத்தில் வைத்திருந்தால் எத்தனை குளிர்காலம் விவாதித்திருப்பார்கள் என்று சில சமயம் யோசிப்பேன். பால்காரர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. கடைசியாக அவரை நாங்கள் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு விற்றபின் அவர் போய்ச் சேர்ந்த, வடக்கு லண்டனில் யூதர்களுக்கான முதியோர் இல்லத்தில்.

ரயில் மாறி, பஸ் எடுத்துப் போய்ச் சேர்ந்தோம். ஓய்வுநாளில் அங்கே விளக்குப் போடுவது, ஆட்களைக் கட்டிலிலிருந்து எழுப்புவது எல்லாவற்றையும் யூதர் அல்லாத பணியாளர்கள்தான் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அவர் வேண்டாம் என்றது அதைத்தான். எப்படி இருக்கிறாரோ என்று வழிநெடுகப் புலம்பியதால் மனைவி வேறு இருக்கைக்கு மாறி இருந்தா.

அவருடைய அறையில் அவர் இல்லை. யன்னலோரச் சாய்கதிரையில் சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பிள்ளை, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காலை நீட்டி இருந்தாள். எங்களைக் கண்டதும் பதறி எழப் பார்த்தாள்.

“அங்கிள், தப்பா நினைக்காதேங்கோ. என்னை இருக்கச் சொன்னதே அவர்தான். எழும்பினா ஏசுவார்.”

“அவர் எங்க பிள்ளை?”

“தேத்தண்ணி குடுக்கிறார். மனேஜர் முதல் ஓமெண்டேல்லை. இவர் விடேல்லை. இப்ப சுடுதண்ணியை மட்டும் நான் தூக்கி வைக்கிறது, மற்றதெல்லாம் அவர்.”

தாழ்வாரத்தில் கோப்பைகள் முட்டும் சத்தம் கேட்டது. தேநீர் வண்டியின் பிடியில் சாய்ந்து, வண்டி அவரைத் தாங்குகிறதா அவர் வண்டியைத் தள்ளுகிறாரா என்று தெரியாதபடி பால்காரர் வந்துகொண்டிருந்தார். எங்களை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. பிறகு முகம் மலர்ந்தது.

“சனிக்கிழமையில இவதான் எனக்கு விளக்குப் போடுறா,” என்றார், ஏதோ முறைப்பாட்டுக்குப் பதில் சொல்வதுபோல. “வேண்டாம் எண்டு மல்லுக்கட்டினா இவவுக்குத்தான் கரைச்சல். அதால, உன்ர ஓய்வுநாள் எது எண்டு கேட்டன். தனக்கு அப்பிடி ஒண்டு இல்லையாம். ஷிப்ட்தானாம். அது பிழை எண்டு சொன்னன். பண்ணையில சாப்பாட்டறை வேலை எல்லாருக்கும் முறை வரும், தலைவருக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவவின்ர முறையை நான் எடுத்திருக்கிறன். அரை மணித்தியாலம். அவ்வளவுதான் இப்ப ஏலும்.”

ஒரு கோப்பையில் பாலை ஊற்றினார். தட்டிலும் கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். “அந்த மனிசனுக்கு,” என்றார், யாரென்று சொல்லவில்லை, “எங்கட மாடு கறக்கக் குளிரில நடந்து வாறவருக்கு, நான் ஒருநாளும் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கேல்லை.”

மனைவி கோப்பையை வாங்கக் கை நீட்டினா. அவர் கொடுக்கவில்லை. வண்டியை விட்டுவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, தரையைப் பார்த்தபடி அறையைக் கடந்து சாய்கதிரைவரை நடந்தார். அந்தப் பிள்ளை எழுந்துவிடாமல் இருக்கக் கதிரைக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவருக்குப் பின்னால் கை ஏந்தியபடியே போனேன், விழுந்தால் பிடிக்க. அவர் விழவில்லை.